தானாக எழுந்ததா, நான் எழுப்பினேனா?

வீட்டில் இருக்கும் ஸ்டோரேஜ் சர்வர் மூன்று வருடம் ஒரு குறையும் வைக்காமல் ஓடியது. நான்கு ஹார்ட் டிஸ்க், 16 ஜிபி ராம், பழைய நான்கு கோர் சிபியு. குடும்பப் படங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், வேலைக் கோப்புகள், மற்ற கணினிகளின் பேக்கப் எல்லாம் அதற்குள்தான். இடம் நிறைந்துவிட்டதால் ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து மதர்போர்டை மாற்றினேன், ஏஎம்டி ரைசன் 3000 வரிசை சிபியு போட்டேன், ராமை 64 ஜிபி ஆக்கினேன், எட்டு புது டிஸ்க் வாங்கி, பல டிஸ்கை ஒரே சேமிப்பிடமாக்கும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையில் பூல் ஒன்றைப் புதிதாக அமைத்தேன். எட்டையும் இணைக்க ஒரு ஹெச்பிஏ கார்டு. பழைய நான்கு டிஸ்கையும் அப்படியே கழற்றி ஒரு பெட்டியில் வைத்தேன். சர்வரில் பழையதாக மிஞ்சியவை கேபினட்டும் பவர் சப்ளையும் மட்டும்.

மூன்றாம் நாள் இரவு முதல் கிராஷ். அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம், சராசரியாக வாரத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒன்று நடந்தது. சில நாள் காலையில் பார்த்தால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பூட் ஆகி மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். சில நாள் விளக்கு எரியும், விசிறி சுற்றும், நெட்வொர்க்கில் கூப்பிட்டால் பதில் இருக்காது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மீண்டும் போட வேண்டும். இரண்டையும் நான் கிராஷ் என்றே எழுதி வைத்தேன். அந்த ஒரு சொல் என் இரண்டு மாதத்தைத் தின்றது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் கிராஷுக்குப் பிறகு எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முந்தைய பூட்டின் லாகை, அதாவது சர்வர் தானே எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போனேன். இரவு 2:17க்கு வழக்கமான ஒரு வேலை தொடங்கியதாக ஒரு வரி. அதோடு சரி. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, கெர்னல் பேனிக் (லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நிற்பது) இல்லை. பாதிப் பேச்சில் போன் கட் ஆனது போல இருந்தது.

லாகில் ஒன்றும் இல்லையென்றால் அதற்கே ஒரு பொருள் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. மென்பொருள் தவறு என்றால் பெரும்பாலும் கெர்னல் சாகும் முன் நாலு வரி புலம்பும். ஆனால் அந்தப் புலம்பல் லாகில் பதிவாக வேண்டுமானால் டிஸ்க் வரை எழுதும் பாதை முழுவதும் உயிரோடு இருக்க வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டாலோ, ராமில் கெர்னலின் இடமே கெட்டுப்போனாலோ எழுத ஆளே இல்லை. எனவே சர்வரின் சொந்த லாக் வெறுமையாக இருந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வேறொரு கணினியில் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். லினக்ஸில் அதற்கு நெட்கன்சோல் என்று ஒன்று இருக்கிறது: கெர்னல் செய்திகளை டிஸ்கைத் தொடாமல் நேராக நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். பழைய லேப்டாப் ஒன்றை அதற்காகவே திறந்து வைத்தேன். ஆனால் இதைச் செய்ய எனக்கு நாலு வாரம் ஆகிவிட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

அதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது, நல்லவேளையாக அதைச் சரியாகச் செய்தேன். காரணம் தேடுவதற்கு முன் டேட்டாவைப் பத்திரப்படுத்தினேன். இசட்எஃப்எஸ்ஸில் திடீரென்று மின்சாரம் போனால் பூல் சிதைந்துவிடாது. பழைய பிளாக்கின் மேல் அது எழுதுவதில்லை. புது இடத்தில் எழுதி முடித்துவிட்டு, கடைசியில்தான் மேல்முகவரியை மாற்றும். போனால் அதிகபட்சம் கடைசி ஐந்து வினாடி அளவு எழுத்து போகும். அந்த வகையில் எனக்குப் பயம் இல்லை. பயம் ராமைப் பற்றித்தான். டிஸ்கில் ஒரு பிட் மாறினால் செக்சம், அதாவது டேட்டாவிலிருந்து கணக்கிட்டுக் கூடவே வைக்கும் சரிபார்ப்பு எண், பிடித்துவிடும். ஆனால் செக்சம் கணக்கிடுவதற்கு முன்பே ராமில் ஒரு பிட் மாறியிருந்தால், தவறான டேட்டாவுக்குச் சரியான செக்சம் போட்டு, எட்டு டிஸ்கிலும் பரப்பி, ஒழுங்காகப் பாதுகாத்து வைத்துவிடும். காரணம் தெரியாத வரை புதிதாக எதையும் எழுத விடக் கூடாது என்று முடிவு செய்து பூலில் இருந்த டேட்டாசெட்டுகளை (பூலின் உட்பிரிவுகளை) எல்லாம் ரீட்-ஒன்லி ஆக்கினேன். சோதனைக்கு எழுத வேண்டியிருந்தபோது தனியாக ஒரு சின்ன டேட்டாசெட்டில் மட்டும் எழுதினேன். பழைய நான்கு டிஸ்கும் வெளியே இருந்தன. அவற்றை அழித்து வேறு வேலைக்கு எடுக்காமல் வைத்திருந்ததுதான் அந்த இரண்டு மாதத்திலும் எனக்கிருந்த ஒரே நிம்மதி.

அப்புறம் தேடல். முதல் மூன்று வாரம் போன வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்பிஏ கார்டின் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்த்தேன், விரல் வைக்க முடியவில்லை. இந்த வகைக் கார்டுகள் டேட்டா சென்டர் சர்வர்களில் பெரிய விசிறிகளின் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. வீட்டுப் பெட்டியில் அந்தக் காற்று இல்லை. அதன் மேல் 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றைக் கட்டினேன். சூடு குறைந்தது, கிராஷ் நிற்கவில்லை. ஆனாலும் அந்த விசிறி அவசியம்தான், இன்றும் அங்கேயே இருக்கிறது. அடுத்து, சும்மா இருக்கும்போது ரைசன் உறையும் கதை. முதல் தலைமுறை ரைசனில் லினக்ஸ் ஓட்டியவர்களுக்கு இது பழகிய விஷயம்: சிபியு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போது மின்னோட்டம் மிகவும் குறைந்து, மொத்தமும் அப்படியே நின்றுவிடும். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை டிபிகல் கரன்ட் ஐடில் என்று மாற்றுவார்கள். நானும் மாற்றினேன். பலன் இல்லை. பிறகு கெர்னலைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன், ஏற்றினேன். அதிலும் ஒன்றும் இல்லை.

இதில் ஒவ்வொரு முறையும் ஒரே பொறியில் மாட்டினேன். எதையாவது மாற்றுவேன், ஐந்து நாள் அமைதியாக இருக்கும், சரியாகிவிட்டது என்று நினைப்பேன். ஆறாம் நாள் விழும். வாரத்துக்கு இரண்டு முறை வரும் கோளாறுக்கு ஐந்து நாள் அமைதி என்பது தற்செயலாகவே கிடைக்கும். எவ்வளவு நாள் பார்த்தால் நம்பலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். நான் பிறகு வைத்த அளவு இதுதான்: இரண்டு கிராஷுக்கு நடுவே இதுவரை இருந்த அதிகபட்ச இடைவெளியைப் போல மூன்று மடங்கு. அதற்கு முன்னால் சரியாகிவிட்டது என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.

ஐந்தாம் வாரம் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, பூட் ஆகி எத்தனை நாள், நெட்கன்சோலில் கடைசி வரி. முடித்துவிட்டுப் பார்த்தபோது ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே இன்னொரு பத்தி சேர்த்தேன்: தானாக எழுந்ததா, நான் எழுப்பினேனா. ஏன் அதைச் சேர்த்தேன் என்று கேட்டால், காலையில் கீழே குனிந்து பட்டன் அழுத்தும் வேலை எரிச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒன்பது பதிவு சேர்ந்ததும் அந்தப் பத்தியே மொத்தத்தையும் இரண்டாகப் பிளந்துவிட்டது. தானாக ரீசெட் ஆகி எழுந்தவை ஐந்து. ஐந்துமே டிஸ்குகள் கடுமையாக உழைத்துக்கொண்டிருந்த நேரம்: பெரிய கோப்புகளைப் படிக்கும்போது, அல்லது சோதனைக்காக எழுதும்போது. உறைந்து நின்றவை நான்கு. அவற்றுக்கு நேரம் காலம் இல்லை, ஆனால் நான்கும் பூட் ஆகி மூன்று நாளாவது கழிந்த பிறகு நடந்தவை. நெட்கன்சோலும் அதையே சொன்னது. ரீசெட் ஆனபோது ஒரு வரியும் வரவில்லை. உறைந்தபோது மட்டும் கெர்னலின் புலம்பல் வந்தது.

ஒரு நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தேன். இருந்தவை இரண்டு.

முதலில் உறைதல். நெட்கன்சோலில் பிடித்த புலம்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு முறை நெட்வொர்க் டிரைவரில் விழுந்திருந்தது, அடுத்த முறை இசட்எஃப்எஸ்ஸின் சுருக்கும் பகுதியில், இன்னொரு முறை சம்பந்தமே இல்லாமல் ஏதோ ஒரு டைமரில். மென்பொருளில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பக் கால் இடறும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம் என்றால் காலடியில் இருக்கும் தரையையே சந்தேகிக்க வேண்டும். தரை என்றால் இங்கே ராம்.

மூன்று நாள் கழிந்துதான் உறைகிறது என்பதற்கும் அதிலேயே விடை இருந்தது. பூட் ஆன உடன் என் சர்வர் மொத்தமே நாலைந்து ஜிபிதான் பயன்படுத்தும். கோப்புகளைப் படிக்கப் படிக்க இசட்எஃப்எஸ் தன் கேஷை, அதாவது படித்ததை ராமில் வைத்துக்கொள்ளும் இடத்தை வளர்த்துக்கொண்டே போகும். அந்தக் கேஷ் ராமின் பெரும்பகுதியைத் தொட இரண்டு மூன்று நாள் ஆகும். பூட் ஆனதும் ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னால், ராமில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம்.

ராமை நான் சோதிக்காமல் இல்லை. முதல் வாரமே மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன், ஒரு சுற்று முடிந்தது, பிழை இல்லை, எடுத்துவிட்டேன். இந்த முறை டிஸ்குகளின் இணைப்பை எல்லாம் கழற்றிவிட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். மூன்றாம் சுற்றில் சிவப்பு வரி வந்தது. ஒரே ஒரு பிட். காலைக்குள் மொத்தம் ஏழு. நான்கு ஸ்டிக்கில் எது கெட்டது என்று பார்க்க ஒவ்வொன்றாகத் தனியே போட்டு ஒவ்வொரு இரவும் சோதித்தேன். நான்கு இரவு, நான்கும் சுத்தம்.

இங்கே குழம்பித்தான் போனேன். பிறகு பயாஸில் ராம் வேகத்தைப் பார்த்தபோது விளங்கியது. பொருத்திய அன்று எக்ஸ்எம்பி என்ற ஒரு பட்டனைத் தட்டி 3200இல் வைத்திருந்தேன். ஸ்டிக்கின் மேல் 3200 என்று அச்சடித்திருக்கிறதே, அதைத்தானே வைத்தோம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம். ஆனால் எக்ஸ்எம்பி என்பது ஓவர்கிளாக்தான், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. டிடிஆர்4 ராமின் வழக்கமான 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட்டில் ஓடும். அதைவிட முக்கியம், அந்த வேகத்தைத் தாங்க வேண்டியது ராம் மட்டும் இல்லை, சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரும்தான். ரைசன் 3000க்கு ஏஎம்டி கொடுத்திருக்கும் அளவில் இரண்டு ஸ்டிக் என்றால் 3200, நான்கு டூயல் ரேங்க் (சிப்கள் இரண்டு தொகுதியாக உள்ள) ஸ்டிக் என்றால் 2666. என்னுடையவை நான்கு, நான்கும் டூயல் ரேங்க். எந்த ஸ்டிக்கும் கெட்டதில்லை. நால்வரையும் சேர்த்து ஓடச் சொன்ன வேகம்தான் கூடுதல். 2666க்கு இறக்கி இரண்டு நாள் மெம்டெஸ்ட் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. ஸ்டோரேஜ் சர்வரில் அந்த வேகக் குறைவை நான் எங்கேயும் உணரவில்லை. நெட்வொர்க் கேபிளின் வேகம்தான் எப்போதும் எல்லையாக இருக்கிறது.

பூலின் நிலையைக் காட்டும் பட்டியலில் செக்சம் பத்தியிலும் இதன் சாயல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. எட்டு டிஸ்கிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னச் சின்ன எண்கள். ஒரு டிஸ்க் கெட்டால் அந்த ஒரு டிஸ்கில்தான் எண் ஏறும். எட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏறினால் எட்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்தான் கோளாறு. நான் அதைப் பார்த்துவிட்டு, சின்ன எண்தானே என்று கடந்துபோயிருக்கிறேன்.

ராம் சரியானது. உறைதல் நின்றது. ரீசெட் நிற்கவில்லை. முன்பென்றால் இந்த இடத்தில், ராமும் காரணமில்லை போலிருக்கிறது என்று சொல்லி மறுபடி 3200க்கே ஏற்றியிருப்பேன். நோட்டில் இரண்டையும் பிரித்து எழுதியிருந்ததால் தப்பித்தேன்: நான் எழுப்பினேன் என்ற பக்கம் காலியாக இருந்தது, தானாக எழுந்தது என்ற பக்கம் மட்டும் நிரம்பியது.

தானாக ரீசெட் ஆகிறது, ஒரு வரியும் பேசுவதில்லை, டிஸ்க் உழைக்கும்போது நடக்கிறது. மின்சாரப் பாதையைத்தான் பார்க்க வேண்டும். கெர்னல் லாகில் ரீசெட் நடக்காத நாட்களையும் புரட்டினேன். சில டிஸ்குகளின் பெயரில், இந்தச் சாதனத்துக்கு இப்போதுதான் மின்சாரம் வந்தது அல்லது இது ரீசெட் ஆனது என்று பொருள்படும் வரிகள் நடு இரவில் இருந்தன. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, நடுவில் ஒரு டிஸ்க் மட்டும் இப்போதுதான் பிறந்தேன் என்கிறது.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்களாகக் குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எட்டு டிஸ்கிலிருந்தும் எடுத்தேன். வழக்கமாக எல்லோரும் பார்ப்பது 5, 197, 199. முதல் இரண்டும் தட்டின் பரப்பு கெடுவதைச் சொல்லும், 199 டேட்டா கேபிள் கோளாறைச் சொல்லும். மூன்றும் எட்டு டிஸ்கிலும் பூஜ்யம். நான் பார்க்காமலே விட்டது 12ஆம் எண், அதாவது எத்தனை முறை டிஸ்குக்கு மின்சாரம் நின்று வந்தது என்ற கணக்கு. ஒரே நாளில் ஒரே பெட்டியில் பொருத்திய எட்டு டிஸ்க், ஒரே எண்தானே இருக்க வேண்டும்? நான்கில் 24. மற்ற நான்கில் 38, 38, 37, 38.

எந்த நான்கு என்று சீரியல் எண்ணை வைத்துப் பார்த்தேன். ஸ்ப்ளிட்டரில் தொங்கும் நான்கு.

பழைய பவர் சப்ளையில் சாட்டா பவர் கனெக்டர் ஐந்துதான் இருந்தது. நான்கில் நான்கு டிஸ்கை நேராகச் செருகியிருந்தேன். ஐந்தாவதில் ஒன்றை நான்காக்கும் ஸ்ப்ளிட்டரைப் போட்டு மீதி நான்கையும் மாட்டியிருந்தேன். கணக்கு எளிது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒரு பின்னுக்கு 1.5 ஆம்பியர், ஆக 4.5 ஆம்பியர்தான் அதன் எல்லை. ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் என்றால் 8. நாலரைக்கு உள்ள வாய்க்காலில் எட்டை விட்டிருக்கிறேன்.

அந்தக் கனெக்டரைக் கழற்றப் போனால் லேசில் வரவில்லை. இழுத்தபோது ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்டிக்கில் 12 வோல்ட் பின்கள் இருக்கும் ஓரம் மட்டும் பழுப்பேறி, இளகி, லேசாக வளைந்திருந்தது. பின்கள் பொன்னிறம் போய் மங்கிக் கிடந்தன. மூக்கருகே கொண்டுபோனால் காய்ந்த ரப்பர் கருகிய வாசனை. வயரைச் சுற்றி மொத்தமாகப் பிளாஸ்டிக் வார்த்து மூடிய மோல்டட் வகை அது. உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பெயர் போன வகை. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் மூடிய பெட்டிக்குள் இது இப்படிக் கருகிக்கொண்டிருந்திருக்கிறது. டேட்டா போயிருந்தால்கூட அழுதுவிட்டு விட்டிருப்பேன். அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மீதிக் கதை இதிலிருந்து தானாக வந்தது. பின்னில் பிடிப்பு சரியில்லை. டிஸ்குகள் கடுமையாக உழைக்கும்போது அந்த இடத்தில் வோல்ட் சரிகிறது, நான்கும் ஒரு கணம் அணைந்து மீண்டும் ஒன்றாகச் சுழலத் தொடங்குகின்றன. மற்ற நான்கு டிஸ்கும் சிபியுவும் அதே நேரம் முழு வேலையில் இருக்கின்றன. ஒன்பது வருடப் பழைய பவர் சப்ளையின் மேல் அந்தச் சுமை திடீரென்று விழுகிறது. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து, குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையில் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.1. டிஸ்குகள் எட்டும் சுழலத் தொடங்கும்போது 11.3. இந்தப் பவர் சப்ளை செய்யப்பட்ட காலத்தில் பவர் சப்ளைகளுக்கு இருந்த ஏடிஎக்ஸ் விதிப்படி ஐந்து சதவீதம்தான் இறங்கலாம், அதாவது 11.4 வரை. அதற்குக் கீழே போனால், மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று பவர் சப்ளை மதர்போர்டுக்குத் தரும் உறுதியை அது விலக்கிக்கொள்ளலாம். அந்த நொடியே போர்டு ரீசெட் ஆகும். லாக் எழுத யாருக்கும் நேரம் இருக்காது.

வாட் கணக்கை நான் போடாமல் இல்லை. 450 வாட், என் மொத்தத் தேவை உச்சத்தில் முந்நூறைத் தொடாது, போதும் என்றுதான் பழையதை வைத்துக்கொண்டேன். ஒன்பது வருடம் இரவு பகலாகச் சூட்டில் இருந்த கெபாசிட்டர்கள் புதிதாக இருந்தபோது தாங்கிய திடீர்ச் சுமையைத் தாங்காது என்பதும், பவர் சப்ளைக்குள் இருக்கும் வாட் டிஸ்க் வரை போய்ச் சேரும் கனெக்டருக்கும் ஒரு எல்லை உண்டு என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

ஸ்ப்ளிட்டரைத் தூக்கிப் போட்டேன். எட்டு சாட்டா கனெக்டரும் தானே கொண்ட புதுப் பவர் சப்ளை வாங்கினேன். கேபிள் பழையதே நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே புதுப் பவர் சப்ளையில் செருகிவிடாதீர்கள். மாடுலர் (கழற்றி மாட்டும்) கேபிள்களில் பவர் சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. கனெக்டர் கச்சிதமாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், எட்டு டிஸ்கும் ஒரே நொடியில் செத்துப்போகும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்க்ரப்பை, அதாவது பூலில் உள்ள எல்லாவற்றையும் படித்துச் செக்சமோடு சரிபார்த்துத் திருத்தும் வேலையை ஓட்டினேன். பிழை செய்யும் ராமை வைத்துக்கொண்டு திருத்தும் வேலையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பதினொரு மணி நேரம் ஓடியது. இரண்டு கோப்புகளைத் திருத்த முடியவில்லை என்று பெயரோடு சொன்னது, இரண்டும் பழைய புகைப்பட ஸ்கேன்கள். பெட்டியில் வைத்திருந்த பழைய டிஸ்கிலிருந்து அவற்றை எடுத்துப் போட்டேன். அப்புறம் ராம் பிழை செய்த நாட்களில் எழுதிய எல்லாவற்றையும் பழைய டிஸ்கோடு ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டேன். செக்சம் சரியாக இருந்தும் உள்ளே மாறியிருந்த கோப்பு இன்னும் ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு கோப்பு. அதற்காகவே அடுத்த முறை, பிட் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி ராம் இல்லாமல் சர்வர் கட்ட மாட்டேன். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ராம் ஸ்டிக்குகள் பிழை காட்டியிருந்தன. அந்த எண்ணை அப்போதே படித்திருக்கிறேன், எங்கோ தூரத்தில் நடக்கும் விஷயம் போலத் தோன்றியது.

நோட்டின்படி அதிகபட்ச இடைவெளி ஒன்பது நாள். மூன்று மடங்கு இருபத்தேழு. இருபத்தெட்டாம் நாள்தான் டேட்டாசெட்டுகளை மீண்டும் எழுதும் நிலைக்கு மாற்றினேன். இப்போது ஐந்து மாதம் ஓடிவிட்டது. போன வாரம் தூசி தட்டுவதற்காக நானே அணைத்துப் போட்டேன். பூட் ஆனதும் ஸ்மார்ட்டின் 12ஆம் எண்ணை எட்டு டிஸ்கிலும் பார்த்தேன். எட்டிலும் சரியாக ஒன்று கூடியிருந்தது.